வேன் ஏறும் முன் கேளுங்கள்

ஏப்ரல் சீசன் நெருங்கினால் நமக்கு வரும் கேள்விகளில் பாதி அரசியல், மீதி நுவரெலியா. அரசியலுக்குப் பதில் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆகவே இந்த வாரம் முழுக்க மலைப் பயணம்.

கேள்வி: கட்டில், குசினி, கழிவறை எல்லாம் உள்ள ஆர்.வி. வண்டியில் ரொக்கி மலைகளைச் சுற்றினோம். அதே மாதிரி ஒன்றில் ஹட்டன், நுவரெலியா வரலாமா?
– ஸ்காபரோ வாசகர்

பதில்: வரலாம், திருப்பத்தான் இடம் இருக்காது. பெரிய வண்டிகளின் தாய்வீடான அமெரிக்காவிலேயே, கிளேசியர் தேசியப் பூங்காவின் மலைச்சாலையில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை உச்சிப் பக்கம் விடுவதில்லை. இங்கே ரம்பொடை வளைவில் எதிரே சீமெந்து லொறி, பின்னால் ஹோர்ன் அடிக்கும் தனியார் பஸ், பக்கத்தில் பள்ளம். ஒரு வெட்டு வெட்டினால் உங்கள் குசினிச் சட்டி பானை முழுவதும் படுக்கையறைக்கு வந்துவிடும். பின்சீட்டை எடுத்துவிட்டு மெத்தை போட்ட சின்ன வேன்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. படுக்கையை மட்டும் கொண்டுவாருங்கள், குசினியை றோட்டோரக் கடைகள் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: கனடா லைசென்ஸ் செல்லுமா?
– அதே ஸ்காபரோ வாசகர்

பதில்: அதை மட்டும் காட்டினால் பொலிஸ்காரர் உங்களோடு நீண்ட நேரம் பேசுவார். 2025 ஓகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வெளிநாட்டவருக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. அனுமதி அங்கே கிடைக்கும், இடதுபக்கம் ஓட்டும் பழக்கம் கிடைக்காது. ஒரு ஞாயிறு காலையில் கொழும்பில் அதைப் பழகிவிட்டு மலையேறுங்கள். அல்லது சாரதியோடு சேர்த்து வேனை எடுங்கள். எந்த வளைவில் ஹோர்ன் அடிக்க வேண்டும், எந்தக் கடையில் ரொட்டி சூடாக இருக்கும் என்ற இரண்டும் அவருக்குத் தெரியும்.

கேள்வி: கொழும்பிலிருந்து ஏற எந்த வழி நல்லது? அவிசாவளையா, கண்டியா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: இரண்டும் நல்லது. அதனால்தான் போக ஒன்று, வர ஒன்று. அவிசாவளை வழியாக ஏ7இல் ஏறினால் கித்துல்கலை வரும். 1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஒன் தி ரிவர் குவாய்’ படத்தின் பாலத்தை அங்கேதான் கட்டி, அங்கேயே தகர்த்தார்கள். பிறகு கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், கொட்டகலை. பத்தனையில் 97 மீற்றர் டெவோன் நீர்வீழ்ச்சி றோட்டிலிருந்தே தெரியும். தலவாக்கலை, நானுஓயா தாண்டினால் நுவரெலியா. திரும்பும்போது ஏ5இல் ரம்பொடை, கம்பளை, கண்டி என்று இறங்குங்கள். போன வழியே திரும்பினால் பிள்ளைகள் போனைத்தான் பார்ப்பார்கள். தூரத்தைப் பார்த்து மணிக்கணக்குப் போடாதீர்கள், ஹட்டனுக்கு மேலே ஒரு மணி நேரத்தில் 25 கிலோமீற்றர் ஓடினாலே நல்ல ஓட்டம்.

கேள்வி: நானுஓயாவுக்குப் பக்கத்தில் ரதல்ல குறுக்கு வழியை மேப் காட்டுகிறது. நேரம் மிச்சமாமே?
– கூகுளை நம்புபவர், நீர்கொழும்பு

பதில்: அந்த மேப்புக்கு இறக்கம் தெரியாது. 2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு அந்தக் குறுக்கு வீதியில்தான், பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று ஒரு வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். வேனில் வந்தது ஹட்டன் பக்கத்துக் குடும்பம். அதன் பின் கனரக வாகனங்களுக்கு அந்த வழி தடைசெய்யப்பட்டது. பிள்ளைகளோடு போகும் வேன் பிரதான வீதியிலேயே போகட்டும்.

கேள்வி: இறங்கும்போது சில்லுப் பக்கம் கருகிய மணம் வருகிறது. என்ன செய்ய?
– புதுச் சாரதி, வவுனியா

பதில்: முதலில் நிறுத்துங்கள், பிறகு படியுங்கள். வவுனியாவில் பிரேக் என்பது நிற்பதற்கு. இங்கே சிலர் அதன்மேல் கால் வைத்தபடியே ரம்பொடை முழுவதும் இறங்குகிறார்கள். உராய்ந்து உராய்ந்து பேட் சூடாகி, அந்தச் சூடு எண்ணெய்க்கு ஏறி, எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் மிதி பஞ்சாகத் தரையைத் தொடும், வண்டி நிற்காது. மலைச் சாரதிகளின் சட்டம் ஒன்றுதான்: எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. ஓட்டோ கியர் வண்டியில் ‘எல்’ அல்லது ‘2’, ஹைபிரிட்டில் ‘பி’ (B) என்று ஓர் எழுத்து இருக்கும், வண்டி வாங்கிய நாள் முதல் நீங்கள் தொடாத எழுத்து. அதைத் தொட வேண்டிய இடம் இதுதான். மணம் வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சில்லில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அந்த அரை மணிக்கு ஒரு பிளேன்டீ போதும்.

கேள்வி: மூடுபனியில் ஹெட்லைட்டை உயர்த்திப் போட்டால் நன்றாகத் தெரியுமா?
– திருகோணமலை வாசகர்

பதில்: பனி நன்றாகத் தெரியும், றோட்டு தெரியாது. வெளிச்சத்தைத் தாழ்த்துங்கள், வேகத்தையும். ஒடுங்கிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். அவர் நின்றால் மறுபடி கிளம்புவது பாடு, உங்களுக்கு பிரேக்கை விட்டால் போதும்.

கேள்வி: எந்த மாதம் வரலாம்?
– லீவு கிடைத்தவர், மட்டக்களப்பு

பதில்: ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு. அதிகாலையில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், அது படிந்த தேயிலை கருகிவிடும். உங்களுக்கு அழகு, தோட்டத்துக்கு நட்டம். ஏப்ரலில் மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார் பந்தயம் எல்லாம் உண்டு, வேன் நிறுத்த மட்டும் இடம் இல்லை. மே முதல் தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கத்தை ஊறவைக்கும். ஒக்டோபர், நவம்பரில் மண்சரிவுப் பயம். 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மலைகளை எப்படிச் சரித்தது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. மழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் தயார்நிலை, சிவப்பு என்றால் அங்கே இருப்பவர்களே வெளியேற வேண்டும். அவர்கள் வெளியேறும் நாளில் நீங்கள் உள்ளே போகாதீர்கள்.

கேள்வி: ஹோட்டன் சமவெளிக்கு எத்தனை மணிக்குப் போனால் போதும்? பத்து மணி?
– நன்றாகத் தூங்குபவர், கொட்டாஞ்சேனை

பதில்: பத்து மணிக்கு, உலக முடிவு என்ற அந்தச் செங்குத்து விளிம்பில் மூடுபனி வெள்ளைச் சுவராக நிற்கும். அதைப் பார்க்க அவ்வளவு தூரம் வரவேண்டாம், கொட்டாஞ்சேனையிலேயே சுவர் உண்டு. வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாகப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், அதனால் நாலரைக்கே கிளம்புங்கள். உள்ளே சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர், மூன்று மணி நேர நடை. சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி மூன்றும் அதிலேயே வரும். பேக்கர் என்பவர் ஆங்கிலேய வேட்டைக்காரர், சமவெளிக்குப் பெயர் கொடுத்த ஹோட்டன் 1831 முதல் 1837 வரை ஆளுநர். இருவருக்கும் முன்பே அருவி விழுந்துகொண்டுதான் இருந்தது. வாசலில் பையைத் திறந்து பொலித்தீனைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆகவே சாப்பாட்டை வாழையிலையில் கட்டுங்கள்.

கேள்வி: பூங்காவுக்குள் வேனை நிறுத்தி இரவு தூங்கலாமா?
– லண்டன் வாசகர்

பதில்: கூடாது. வேன் வாகனத் தரிப்பிடத்தோடு சரி, மாலையில் அதுவும் வெளியே வந்தாக வேண்டும். கூடாரம் போடுவதென்றால் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே பதிந்து, அவர்கள் காட்டும் இடத்தில் போட வேண்டும். நம் பக்கத்து வீடான கேரளத்தில் 2021இல் கரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை வகுத்து, மறு வருடம் வாகமனில் முதல் கரவன் பூங்காவைத் திறந்தார்கள். இங்கே அப்படிக் குழாய்த் தண்ணீரும் கரண்டும் உள்ள இடத்தைத் தேடி அலைவதைவிட, அம்பேவெல, பட்டிப்பொல, நல்லதண்ணிப் பக்கத்துச் சின்ன விடுதிக்காரரிடம் முற்றத்தில் வேன் நிறுத்தக் கேளுங்கள். இரவுச் சாப்பாட்டை அவரிடமே சொன்னால் பெரும்பாலும் தலையாட்டுவார்.

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர். சமவெளிப் புல்லில் நெருப்பு மூட்டி கோழி சுடலாமா?
– இளைஞர் குழு, யாழ்ப்பாணம்

பதில்: இந்த மலையில் கடைசியாகத் தீ வைக்க உரிமை இருந்தவர் அனுமன். சீதா எலியவில் மண் கறுப்பாக இருப்பதற்கு அவர்தான் காரணம் என்று இன்றும் சொல்கிறார்கள். உங்களுக்கு அந்த உரிமை இல்லை. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று ஆறுகளுக்கும் தலைநீர் அந்தச் சமவெளியிலிருந்து போகிறது. காய்ந்த புல்லில் ஒரு தீப்பொறி விழுந்தால் எட்டுக் கோழியோடு நிற்காது. கோழியை நுவரெலியாவில் ஹோட்டலில் சாப்பிடுங்கள்.

கேள்வி: தேனிலவு. உலக முடிவில் ஓரமாக நின்று மனைவியைப் படமெடுக்க ஆசை.
– புது மாப்பிள்ளை, மானிப்பாய்

பதில்: 2015 பெப்ரவரியில் நெதர்லாந்துப் புது மாப்பிள்ளை ஒருவருக்கும் அதே ஆசை வந்தது. மனைவி முழுதாகச் சட்டத்துக்குள் வரட்டும் என்று பின்னால் பின்னால் நடந்தார். செங்குத்து சுமார் 870 மீற்றர். நல்லகாலம், கொஞ்சம் கீழே ஒரு மரம் அவரைப் பிடித்துக்கொண்டது, இராணுவத்தினர் கயிறு கட்டித் தூக்கினார்கள். எல்லா மாப்பிள்ளைக்கும் மரம் நிற்காது. மனைவியிடம் போனைக் கொடுத்துவிட்டு நீங்கள் உட்காருங்கள். இனிமேல் எப்படியும் அதுதான் நடக்கப்போகிறது.

கேள்வி: எங்கள் ஊரில் யானை வேலிக்கு வரும். அங்கேயும் வருமா?
– தரம் 6 மாணவி, அம்பாறை

பதில்: வராது மகளே. ஹோட்டன் சமவெளியில் முன்பு யானை இருந்தது, 1940களுக்குப் பிறகு இல்லை. இப்போது மரைக் கூட்டம் உண்டு. பஸ்ஸில் வருகிறவர்கள் பிஸ்கட் கொடுத்துக் கொடுத்து, சில மரைகள் வாகனத் தரிப்பிடத்திலேயே நிற்கின்றன. நீ கொடுக்காதே, பையோடு சேர்த்துத் தின்றுவிடும். சிறுத்தையும் உண்டு, ஆனால் அது உன்னைப் பார்க்கும், நீ அதைப் பார்க்கமாட்டாய். தேயிலைத் தோட்டங்களிலும் அது நடமாடும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில், சுருக்குக் கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாட்களில் செத்துப்போனது. பன்றிக்கு வைக்கும் கம்பிக்குச் சிறுத்தை எது, பன்றி எது என்று தெரியாது.

கேள்வி: முழங்கால் வலி. ஒன்பது கிலோமீற்றர் நடக்க முடியாது. எனக்கு ஏற்ற தேசியப் பூங்கா உண்டா?
– கல்முனை வாசகி

பதில்: உண்டு அக்கா, உங்களுக்கென்றே அளந்தது. நுவரெலியா நகரத்தை ஒட்டிய கல்வேஸ் லேண்ட் முழுவதும் 30 ஹெக்டயர்கூட இல்லை. 1938இல் சரணாலயம், 2006இல் தேசியப் பூங்கா. மெதுவாக நடந்து, உட்கார்ந்து, குருவி பார்த்து, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடலாம். காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். அட்டைக்கு முழங்கால் வலி கிடையாது.

கேள்வி: ஊட்டியைப் பார்த்தவன் நுவரெலியாவைப் பார்க்க வேண்டுமா?
– சென்னை வாசகர்

பதில்: உயரத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள்: தொட்டபெட்டா 2,637 மீற்றர், எங்கள் பீதுருதலாகலை 2,524. ஏரி, தாவரவியல் பூங்கா, வெள்ளைக்காரன் விட்டுப்போன குளிர் எல்லாம் இரண்டு ஊரிலும் உண்டு. ஒரு வித்தியாசம் சொல்கிறேன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இங்கிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழருக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் உங்கள் அரசு டான்டீ தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் வயதானவர் ஒருவரிடம் ஹட்டனுக்கு வழி கேட்டுப் பாருங்கள். மேப் இல்லாமலே சொல்வார்.

கேள்வி: சிவனொளிபாதமலைக்கு வேன் எதுவரை போகும்?
– காரைநகர் வாசகர்

பதில்: நல்லதண்ணி வரை. அதற்கு மேல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், உங்கள் பாடு, சிவன் பாடு. டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை சீசன். அந்த மாதங்களில் படி நெடுக விளக்கும் தேநீர்க் கடையும் இருக்கும், மற்ற மாதங்களில் மழையும் இருட்டும். நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்கினால் சூரிய உதயத்துக்கு உச்சியில் நிற்கலாம். 2,243 மீற்றரில் காற்று வெட்டும், கம்பளித் தொப்பியை வேனிலேயே விட்டுவிடாதீர்கள். சிவன், புத்தர், ஆதம், புனித தோமையார் என்று அந்த ஒரு பாதத்துக்கு நான்கு உரிமையாளர். படியில் எல்லோருக்கும் ஒரே மூச்சுத்தான் வாங்குகிறது.

கேள்வி: படங்களில் பொங்கி விழும் சென் கிளயர் நீர்வீழ்ச்சி நேரில் மெலிந்திருக்கிறதே?
– ஏமாந்தவர், குருநாகல்

பதில்: நீங்கள் ஏமாறவில்லை. 2012இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் தொடங்கியபின் அதன் தண்ணீர் பெரும்பாலும் மலைக்குள் சுரங்கத்தில் போகிறது. 150 மெகாவொட். அந்தப் படத்தைப் பார்த்த உங்கள் போனுக்குச் சார்ஜ் ஏற்றியதும் அதுவாக இருக்கலாம். மஸ்கெலியாவில் நிலைமை இன்னும் மோசம்: 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய ஊரே நீருக்கடியில் போனது. வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய வழிபாட்டிடங்களின் சுவர்கள் தலைகாட்டும்.

கேள்வி: கொழுந்து பறிக்கும் பெண்களோடு நின்று படம் எடுக்க விருப்பம். கேட்டால் கோபிப்பார்களா?
– தெஹிவளை வாசகி

பதில்: கேட்டால் கோபிக்கமாட்டார்கள். கேட்காமல் எடுக்கிறவர்கள்தான் அதிகம். ஒரு நிமிடம் கமராவைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரலிடுக்கில் ஒடியும், கை நிறைந்ததும் பின்பக்கம் பார்க்காமலே தோளுக்கு மேலாகப் பைக்குள் போகும். ஈரச் செடி உரசாமல் இடுப்பில் படங்கு கட்டியிருப்பார்கள். நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. மடுவத்தில் நிறுக்கும்போது ஈரத்துக்கென்று சில கிலோவைக் கழிப்பதும் உண்டு. நீங்கள் ‘கொஞ்சம் இந்தப் பக்கம் சிரியுங்க’ என்று பிடித்து வைக்கும் பத்து நிமிடமும் அந்தக் கணக்கில்தான் விழுகிறது. ஆகவே சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள், பெயரைக் கேளுங்கள், படத்தை அவர்களுக்கும் அனுப்புங்கள். காசு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். வேறெந்த மொடல் இலவசமாக நிற்கிறார்?

இன்னொன்று. நீங்கள் வியூ பொயின்ட் என்று வேனை நிறுத்தும் இடம் பல தடவை தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றின் வாசல். கொடியில் காயும் துணிக்கும் பின்னால் தெரியும் பள்ளத்தாக்குக்கும் நடுவில் ஒரு குடும்பம் இருக்கிறது. இந்தக் காட்டை வெட்டித் தேயிலை நட்டதும், றோட்டும் ரயில் பாதையும் போட உழைத்ததும் அவர்களின் முன்னோர். 1948இல் சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்களாக்கினார்கள். 2023 ஜூலை, ஓகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தார்கள், 200 வருடங்களுக்கு முன் தம் முன்னோர் வந்த வழியை நாட்டுக்கு நினைவூட்ட. நீங்கள் வேனில் வருகிறீர்கள். வாசலில் நிறுத்தும்போது ‘நிறுத்தலாமாங்க?’ என்று கேட்பதற்கு எண்ணெய் செலவாகாது.

கேள்வி: என் தாத்தா பொகவந்தலாவையில் கொழுந்துக் கங்காணி. நான் பழைய துரை பங்களாவில் ஒரு இரவு தங்க நினைக்கிறேன். ஆடம்பரமா?
– வத்தளை வாசகர்

பதில்: தாத்தா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற இடமாக இருக்கும். நீங்கள் செருப்போடு போங்கள். பில் கூடத்தான், ஆனால் அந்தக் காசில் ஒரு பகுதி நியாயமான பழிவாங்கல்.

கேள்வி: நுவரெலியாவில் நல்ல தேயிலை எங்கே கிடைக்கும்?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: கொழும்பில். 1883 முதல் ஏலம் அங்கேதான் நடக்கிறது, மலையின் நல்ல கொழுந்து பெரும்பாலும் கப்பலேறுகிறது. ஆனால் றோட்டோரத் தொழிற்சாலைகளின் விற்பனைக் கூடத்தில் அங்கேயே அரைத்ததை வாங்கலாம். 1,200 மீற்றருக்கு மேலே விளைந்தது என்றால் நிறம் வெளிறி, வாசம் தூக்கலாக இருக்கும். அதில் பால்மா கொட்டி, மூன்று கரண்டி சீனி போடுவதாக இருந்தால் பருத்தித்துறைக் கடைத் தேயிலையே போதும்.

கேள்வி: பிள்ளைகள் ரயில் கேட்கிறார்கள், அவர் வேன் என்கிறார்.
– வீட்டில் சமாதானம் தேடுபவர், மன்னார்

பதில்: இரண்டும் செய்யலாம். நானுஓயாவில் நீங்களும் பிள்ளைகளும் ரயில் ஏறுங்கள், அவர் வேனோடு ஒஹியவில் வந்து நிற்கட்டும். வழியில் 1,891 மீற்றரில் பட்டிப்பொல, நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம். திட்வாவில் மலை ரயில் பாதை நன்றாக அடிபட்டது. ஆகவே எதுவரை ஓடுகிறது என்று கிளம்பும் அன்றைக்கே நிலையத்தில் கேளுங்கள். ஒஹியவில் அவர் முகம் எப்படி இருக்கும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: மூன்றே நாள் லீவு. ஹட்டன், சிவனொளிபாதம், நுவரெலியா, ஹோட்டன் சமவெளி, எல்லா நீர்வீழ்ச்சி, எல்ல, பதுளை. முடியுமா?
– அவசரக்காரர், கொழும்பு 13

பதில்: முடியும், வேன் கண்ணாடி வழியாக. மூன்று நாளுக்கு என் கணக்கு இது: முதல் நாள் ஏ7இல் ஏறி டெவோனைப் பார்த்து நுவரெலியா. இரண்டாம் நாள் விடியலில் ஹோட்டன் சமவெளி, பின்னேரம் தூக்கம். மூன்றாம் நாள் கல்வேஸ் லேண்ட், ரம்பொடை வழியாக மெதுவாக இறக்கம். மிச்சப் பட்டியலைக் கிழித்துவிடுங்கள். கிழித்த மலைகள் அடுத்த வருடமும் அங்கேயேதான் நிற்கும், அதைப் பார்க்க உங்கள் பிரேக்கும் மிஞ்ச வேண்டும்.